நான் வாங்காத துப்பாக்கி

என் தந்தையார் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வெடி வைக்கும் பணியில் இருந்தவர். பாறையில் துளையிட்டு, துளைகளில் மருந்தைத் திணித்து, திரியைப் பற்றவைத்துவிட்டுத் தொலைவில் காப்பான இடத்திற்கு வந்து நிற்பார்கள். அங்கே நிற்கும்போது அவருக்கு ஒரே ஒரு வேலைதான். வெடியோசையை எண்ணுவார். பன்னிரண்டு துளைகளில் மருந்து வைத்திருந்தால் பன்னிரண்டு ஓசை கேட்க வேண்டும். பதினொன்றுதான் கேட்டது என்றால், எவரும் அப்பக்கம் கால் வைக்கலாகாது. உரிய நேரம் காத்திருந்து, அதன் பின்னரே சென்று பார்க்க வேண்டும்.

"வெடிச்சதுக்குப் பயப்படாதேடா. வெடிக்காம உள்ளே உக்காந்திருக்குதே, அதுக்குத்தான் பயப்படணும்" என்று எங்களிடம் சொல்லுவார். அக்காலத்தில் அது சுரங்கத்தைப் பற்றிய பேச்சு என்று மட்டுமே எண்ணினேன். அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின், ஒரு கைத்துப்பாக்கி வாங்கப் புறப்பட்ட பொழுதுதான் அச்சொல்லின் ஆழம் எனக்கு விளங்கிற்று. அந்தக் கதையைத்தான் இம்மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டை. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கத் தொழிலை முறையாகத் தொடங்கிய நாள் முதல், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் நம்மவர் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரியின் மின்சாரம் எங்கள் சுரங்கங்களுக்குத்தான் வந்தது. நாட்டின் பல நகரங்கள் எண்ணெய் விளக்கில் இருந்த காலத்தில் எங்கள் வயல் ஒளிர்ந்தது. அந்த ஒளியைப் பற்றி முதியவர்கள் பெருமையோடு பேசக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. பணியாளர் குடியிருப்புகளில், நாங்கள் 'லைன்' என்று அழைக்கும் வரிசை வீடுகளில், பல பூட்டப்பட்டன. சயனைடு மண் மேடுகளை ஒட்டிய சாலைகளில் இருள் சூழ்ந்தது. பிழைப்புக்காக ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் எழுந்து மாரிக்குப்பத்து ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குச் சென்று, இரவு திரும்பத் தொடங்கினர். இன்றும் அவ்வாறே செல்கின்றனர்.

அவர்களுள் ஒருவனாகத்தான் என் தம்பியும் இருந்தான். தந்தையைப் போலவே பூமிக்கடியில் பணியாற்றியவன். சுரங்கம் மூடியபின் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியாகச் சில ஆண்டுகள் இருந்தான். ஒரு நாள் அதையும் விட்டுவிட்டு வந்தான். மணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டின் பின்னறையில் தங்கினான். முதலில் பேச்சைக் குறைத்தான். பின்னர் உணவைக் குறைத்தான். என் மனைவி, "ஏங்க, கொழுந்தனார் ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்லீங்க" என்று பலமுறை சொன்னாள். வேலை இழந்த மனிதன், போகப் போகச் சரியாகிவிடுவான் என்று நான் விடையளித்தேன். கடைத்தெருவில் சிறிய பாத்திரக்கடை வைத்திருப்பவனுக்குக் கணக்கு வழக்கைத் தவிர வேறெதையும் ஊன்றிப் பார்க்க நேரமில்லை. அன்று நான் சொல்லிக்கொண்ட சமாதானம் அதுதான்.

2017-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இரவு கடையடைத்துச் செல்லும் வழியில் மறிக்கப்பட்டார். பணப்பை பறிபோயிற்று. தலையில் காயம். மருத்துவமனையில் அவரைக் கண்டு திரும்பிய அன்றிரவே, நானும் ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இதில் ஒரு முரண் உண்டு. எங்கள் ஊர்த் தமிழருக்குத் துப்பாக்கி புதிதன்று. ஆனால் நாங்கள் அதன் பிடிப்பக்கம் நின்றதில்லை. குழலுக்கு எதிர்ப்பக்கமே நின்றிருக்கின்றோம். 1946-ஆம் ஆண்டுத் தொழிலாளர் போராட்டத்தின்போதும், 1982-ஆம் ஆண்டு மொழிப் பிரச்சினையின்போதும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இம்மண்ணில் உயிர்கள் போயின. இதே கர்நாடக மாநிலத்தில் குடகு மக்களுக்குப் பிரிட்டிஷார் காலம் முதலே உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் விலக்கு உண்டு. கைல்பொல்து என்னும் திருநாளில் அவற்றை அலங்கரித்து வழிபடுவர். எங்கள் ஆயுத பூசையிலோ துளையிடும் கருவிகளுக்கும் சம்மட்டிகளுக்கும்தான் சந்தனம் வைத்தோம். ஆகவே, துப்பாக்கி வாங்குவது எப்படி என்று கேட்டறிய எங்கள் உறவில் ஒருவரும் இல்லை.

எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருந்தார். படையில் முப்பதாண்டு பணியாற்றியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குச் சென்று, "ஐயா, எனக்குத் துப்பாக்கியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நம்பிக்கையா இருக்கணும், விலையும் கட்டுப்படியாகணும். எதை வாங்கலாம் சொல்லுங்க" என்றேன்.

அவர் காப்பியைக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, நீ கடையிலே பாத்திரம் விக்கிறவன். வர்றவங்க முதல்லே பாத்திரத்தைப் பாக்கிறாங்க. ஆனா நம்ம நாட்டுலே துப்பாக்கிக்கு முதல்லே பாக்க வேண்டியது சட்டத்தை" என்றார். அதன்பின் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வீட்டுத் திண்ணையே எனக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. அவர் சொன்னவற்றைப் புதியவர் எவர்க்கும் பயன்படும் என்பதால் இங்கே தொகுத்துத் தருகின்றேன்.

நம் நாட்டில் துப்பாக்கிக்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே அடிப்படை. 2016-ஆம் ஆண்டில் அதற்குப் புதிய விதிகள் வந்தன. இருபத்தொரு வயது நிரம்பாதவர்க்கு உரிமம் கிடையாது. மனு கொடுத்தவரைப் பற்றிப் போலீசார் விசாரித்து அறிக்கை அளிக்க வேண்டும். உடலும் மனமும் நலமாக உள்ளன என்று மருத்துவர் சான்று வேண்டும். துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சி வேண்டும். வீட்டில் எவ்வாறு பூட்டி வைப்போம் என்று உறுதிமொழியும் தர வேண்டும். எங்கள் தங்கவயலுக்கெனத் தனிப் போலீஸ் மாவட்டம் உண்டு எனினும், உரிமம் வழங்குகின்றவர் கோலாரில் உள்ள மாவட்ட ஆட்சியரே. அவரை இங்கே டெபுடி கமிஷனர் என்போம். அன்று உரிமம் மூன்றாண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அது ஐந்தாண்டு ஆயிற்று. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததும் இரண்டாகக் குறைந்தது. உரிமம் வந்த பின்னரே பொருளை வாங்க இயலும். எத்தனை தோட்டாக்கள் வாங்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு.

அடுத்து, எந்த அளவு என்னும் கேள்வி. 9 மில்லிமீட்டர் போன்ற, படையினரும் போலீசாரும் பயன்படுத்தும் அளவுகள் நம்மைப் போன்ற பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. ஆகவே நடைமுறையில் புதியவர்க்கு எஞ்சுவது பெரும்பாலும் பாயின்ட் 32 அளவே. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. பாயின்ட் 32 ரிவால்வருக்கு ஒரு வகைத் தோட்டா. பாயின்ட் 32 பிஸ்டலுக்கு வேறொரு வகை. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றை மற்றொன்றில் இடலாம் என்று எண்ணலாகாது. "குழம்புக்கரண்டியும் கரண்டி, சட்டுவமும் கரண்டின்னு சொல்லி வித்திடுவியா தம்பி?" என்று கேட்டார் சுபேதார்.

ரிவால்வரா, பிஸ்டலா என்பது மூன்றாவது கேள்வி. ரிவால்வரில் ஆறு அறைகள் கொண்ட உருளை சுழல்கின்றது. அதைத் திறந்தால் தோட்டா இருப்பதும் இல்லாததும் கண்ணுக்குத் தெரியும். கையாள வேண்டிய உறுப்புகள் குறைவு. ஒரு தோட்டா வெடிக்கத் தவறினால், விசையை மீண்டும் இழுக்க அடுத்த அறை வந்து நிற்கும். பிஸ்டல் தட்டையானது, எடுத்துச் செல்ல எளியது. ஆனால் பிடிக்குள் இருக்கும் தோட்டாப் பெட்டியை உருவி எடுத்துவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று புதியவர் நினைப்பர். குழலின் அடியில் ஒரு தோட்டா தங்கியிருக்கும். காலி என்று எண்ணிய துப்பாக்கியால் நேர்ந்த விபத்துகள் உலகெங்கும் பல. ஆகவே முதல் துப்பாக்கி வாங்குகின்றவர்க்கு ரிவால்வரே ஏற்றது என்பது அவர் தீர்ப்பு.

விலையைப் பற்றியும் விளக்கினார். 1980-களின் நடுப்பகுதியில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி பொதுமக்களுக்கு நிறுத்தப்பட்டது. அதற்கு முன் வந்த அயல்நாட்டுத் துப்பாக்கிகள் கைமாறிக் கைமாறிப் பல இலட்சங்களுக்கு விலை போகின்றன. அவற்றின் விலை அருமையினால் வந்தது. தரத்தினால் மட்டும் வந்ததன்று. நமக்குக் கட்டுப்படியாவது அரசு ஆயுதத் தொழிற்சாலையின் படைப்பு. கான்பூரில் செய்யப்படும் பாயின்ட் 32 ரிவால்வர் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. கனமானது, முரட்டு உழைப்புக்குத் தாங்குவது. 2014-ஆம் ஆண்டில் கான்பூரிலிருந்தே 'நிர்பீக்' என்னும் இலேசான ரிவால்வர் வந்தது. டைட்டேனியம் கலந்த உலோகம். எடை 500 கிராம் அளவு. அன்றைய விலை 1,22,360 ரூபாய். தில்லியில் 2012-இல் கொடுமைக்கு ஆளான பெண்ணை நினைவூட்டும் பெயரிட்டு, மகளிர்க்கு ஏற்றது என்று விளம்பரம் செய்தனர். சாமானியக் குடும்பத்துப் பெண்ணால் அவ்விலை கொடுக்க இயலுமா என்று அப்பொழுதே பலர் கேட்டனர். 2021-இல் அரசு தொழிற்சாலைகளை நிறுவனங்களாகப் பிரித்தது. அவற்றுள் ஒன்று 2023-இல் 'பிரபல்' என்ற பெயரில், உருளை பக்கவாட்டில் திறக்கும் ரிவால்வரை வெளியிட்டது.

இலேசானதே நல்லது என்று நான் சொன்னேன். சுபேதார் மறுத்தார். எடை குறைந்தால் பின்னுதைப்பு கையில் மிகும். சட்டைப்பையில் சுமப்பவர்க்கு இலேசு நன்று; கல்லாப்பெட்டியில் வைப்பவர்க்குக் கனமே நன்று. பிடி உள்ளங்கையில் நிறைய வேண்டும். சுட்டுவிரலின் முதற்கணு விசையில் இயல்பாகப் பதிய வேண்டும். விசையை இழுக்கும்போது குழலின் முனை ஆடலாகாது. கடையில் வாங்குமுன் இம்மூன்றையும் பார்க்க வேண்டும். பழையது வாங்கினால் உருளை ஆட்டமின்றிப் பூட்டி நிற்கின்றதா, குழலின் உட்புறம் துருவேறியுள்ளதா என்று ஓர் ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் காட்ட வேண்டும்.

"துப்பாக்கியோட விலையை மட்டும் கணக்குப் போடாதே தம்பி. பூட்டி வைக்க இரும்புப்பெட்டி வேணும். ஆண்டுதோறும் பழகத் தோட்டா வேணும். தேர்தல் வந்தா ஸ்டேஷன்லே ஒப்படைக்கச் சொல்லுவாங்க, போகணும், திரும்ப வாங்கணும். பழகாதவன் கையிலே இருக்கிற துப்பாக்கி திருடனுக்கு நாம வாங்கி வச்ச துப்பாக்கி" என்றார்.

விண்ணப்பம் கொடுத்தேன். பெங்களூரில் ஒரு துப்பாக்கிச் சுடும் கழகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். சுபேதாரும் உடன் வந்தார். அங்கே புதியவர்க்குப் பாயின்ட் 22 என்னும் சிறிய அளவில்தான் தொடங்குகின்றனர். செலவு குறைவு, பின்னுதைப்பும் இல்லை என்றே சொல்லலாம். முதல் நான்கு தோட்டாக்கள் வெடித்தன. ஐந்தாவது முறை விசையை இழுத்தேன். 'டிக்' என்று ஓர் ஒலி; வேறொன்றும் இல்லை. என்ன ஆயிற்று என்று துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்க முற்பட்டேன்.

பின்னால் நின்ற பயிற்சியாளர் என் மணிக்கட்டை இரும்பு போல் பற்றிக்கொண்டார். "அசையாதீங்க. குழல் இலக்கைப் பாத்தே இருக்கட்டும். முப்பது எண்ணுங்க" என்றார். மருந்து தாமதித்தும் பற்றலாம்; அதுவரை அது வெடிக்காத தோட்டா அன்று, வெடிக்கக் காத்திருக்கும் தோட்டா என்று பின்னர் விளக்கினார்.

நான் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று... எண்ணும்போது என் செவியில் ஒலித்தது என் தந்தையின் குரல். பூமிக்கடியில் இருளில் நின்று, கேட்காத ஓர் ஓசைக்காகக் காத்திருந்த அம்மனிதரின் உருவம் கண்முன் வந்தது. முப்பது எண்ணி முடித்துத் தோட்டாவை வெளியே எடுத்தபோது என் கை நடுங்கிற்று. சுபேதார் அதைக் கண்டார், ஒன்றும் சொல்லவில்லை. மாரிக்குப்பம் திரும்பும் ரயிலில், பங்காருப்பேட்டை தாண்டிய பின்தான் கேட்டார்: "தம்பி, வீட்டிலே யார் யாரு இருக்கீங்க?"

மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், தம்பி என்றேன். "தம்பி எப்படி இருக்காரு?" என்றார். நலம் என்றேன். அவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். "பட்டாளத்திலே நாங்க துப்பாக்கியைக் கையிலே குடுக்கிறதுக்கு முன்னாடி ஆளோட முகத்தைப் பாப்போம். லீவுலே போன இடத்திலே சண்டையா, கடனா, கடிதம் வந்து ரெண்டு நாளா சாப்பிடலியான்னு பாப்போம். அப்படி இருந்தா அன்னிக்கு அவனுக்குக் காவல் டூட்டி கிடையாது. அவன் கெட்டவன்னு இல்லே தம்பி. அன்னிக்கு அவன் கையிலே அது இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

இரண்டு வாரங்கள் கழித்துப் போலீஸ் விசாரணைக்கு ஒருவர் வீட்டுக்கு வந்தார். முறையாகவும் அன்பாகவும் நடந்துகொண்டார். வழக்கு உண்டா, பகை உண்டா என்று கேட்டுவிட்டு, வீட்டில் வசிப்போர் பெயர்களை எழுதினார். தம்பியின் பெயரைச் சொன்னேன். உடல்நலக் குறைவு ஏதும் உண்டா என்று கேட்டார். "இல்லை" என்றேன். பின்னறையின் கதவு ஒருக்களித்திருந்தது. என் விடை உள்ளே கேட்டிருக்கும் என்று அப்பொழுதே தோன்றிற்று.

அன்றிரவு உணவுக்குப்பின் முற்றத்தில் அமர்ந்திருந்தேன். தம்பி வந்து எதிரே உட்கார்ந்தான். அவன் தானாக வந்து என்னருகில் அமர்ந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

"அண்ணா, அது எப்ப வரும்?" என்று கேட்டான்.

"இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகும்" என்றேன்.

"எங்கே வைப்பே?"

"பெட்டியிலே. சாவி எங்கிட்டேதான்."

அவன் தரையைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தான். பிறகு, "வேணாம் அண்ணா. திருடனுக்காக இல்லே. எனக்காக. அது வீட்டிலே இருக்குன்னு தெரிஞ்சா நான் அதையேதான் நினைச்சிட்டு இருப்பேன்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். பதினொரு வெடி கேட்டிருந்தது. பன்னிரண்டாவது எங்கே என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. இரண்டாண்டுகளாக என் வீட்டுப் பின்னறையில் நிலவிய அமைதியை நான் அமைதி என்றே எண்ணியிருந்தேன். சுரங்கத்து மனிதரின் மகனாகப் பிறந்தும், எண்ண வேண்டியதை எண்ணாமல் இருந்துவிட்டேன். அவன் கையைப் பற்றிக்கொண்டேன். இருவரும் நெடுநேரம் பேசவில்லை.

மறுநாள் கோலாருக்குச் சென்று விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்தேன். அதே வாரத்தில் தம்பியை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். நோய்க்கு மருந்து உண்டு என்றும், பேசினால் பாரம் குறையும் என்றும் அவர் சொன்னார். மருந்தைவிட முதலில் அவனுக்கு வேண்டியிருந்தது, ஒருவர் கேட்பது. அதை நான் அதற்கு முன்பே செய்திருக்கலாம்.

திருட்டு அச்சம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதற்கும் வழி தேடினோம். துப்பாக்கிக்கென ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு கடைக்கு உறுதியான இரும்புப் பெட்டியும் கதவும் போட்டேன். பகல் வரவை மாலைக்குள் வங்கியில் செலுத்தும் வழக்கத்தை மேற்கொண்டேன். இரவில் பையில் பணம் இல்லை என்பது தெருவறிந்த செய்தியாயிற்று. கடைத்தெருவிலுள்ள ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் கடையடைத்து ஒன்றாக நடந்து செல்வது என்று தீர்மானித்தோம். இருண்டு கிடந்த சாலைக்கு விளக்கு வேண்டுமென்று நகரசபைக்கு மனு மேல் மனு கொடுத்தோம். காலம் சென்று வந்தது. தம்பி மாலையில் கடைக்கு வரத் தொடங்கினான். முதலில் ஓரமாக அமர்ந்திருந்தான். பின்னர் எடை போட்டான். ஒரு நாள் ஒரு வாடிக்கையாளருடன் பித்தளைக் குடத்தின் விலைக்காகச் சண்டையிட்டான். அன்று நான் உள்ளே சென்று கண்களைத் துடைத்துக்கொண்டேன்.

துப்பாக்கி வைத்திருப்போரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. காட்டோரத்தில் தனியே வாழும் விவசாயிக்கும், உயிருக்கு அச்சுறுத்தல் உள்ளவர்க்கும் அது தேவையாக இருக்கலாம். அத்தகையோர் வாங்கட்டும். சுபேதார் சொன்னவாறு சட்டத்தை அறிந்து, கைக்குப் பொருந்துவதைத் தேர்ந்து, முறையாகப் பழகி, துப்பாக்கியைக் காலியாக ஒரு பெட்டியிலும் தோட்டாவை வேறொரு பெட்டியிலும் பூட்டி வைக்கட்டும். எதை வாங்குவது என்பதற்கு விடை எளிது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கே விளங்கிவிட்டது. நம்பகமான துப்பாக்கி என்றால், எந்த வேளையிலும் எவர் விரலுக்கும் தவறாது பணியும் துப்பாக்கி என்று பொருள். அந்த விரல் யாருடையது என்று அது கேளாது. அதைக் கேட்க வேண்டியவர் வாங்குகின்றவரே.

நம் சங்கங்களின் மலர்கள் கடல் கடந்தும் செல்கின்றன. தங்கவயலிலிருந்து புறப்பட்ட பிள்ளைகள் இன்று அமெரிக்காவிலும் வாழ்கின்றனர். அங்கே பல மாநிலங்களில் கைத்துப்பாக்கி வாங்குவது நம் நாட்டைவிட மிக எளிது, விலையும் குறைவு. அந்நாட்டில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் கொலைகள் அல்ல, தற்கொலைகள். திருடனுக்கு அஞ்சி வாங்கிய பொருள் வீட்டில் உள்ளவரையே மிகுதியாகக் கொண்டு செல்கின்றது. அயல்மண்ணில், தனிமையில், வேலை பற்றிய கவலையில் வாழும் குடும்பங்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். கடைக்குச் செல்லுமுன் உங்கள் வீட்டு அறைகளை ஒரு முறை சுற்றி வாருங்கள். எந்த அறையில் பேச்சு நின்றுபோயிருக்கின்றது என்று பாருங்கள். அங்கே போய் அமருங்கள்.

சுபேதார் ஐயா இன்று இல்லை. என் மகள் மணமாகிச் சென்றுவிட்டாள். இரவு ஒன்பது மணிக்குக் கடைத்தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. அந்த ஓசைகளை நானும் தம்பியும் எண்ணிக்கொண்டே சாவியைப் பூட்டுகின்றோம். ஒன்று குறைந்தால், அந்தக் கடைக்காரர்க்கு என்ன ஆயிற்று என்று சென்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு நடக்கின்றோம்.